பக்கத்து வீட்டின் தடை: பெட்ரோல் நிலையமும் ஒரு சொற்றொடரின் வரலாறும்

இந்தியாவில் புதிதாக ஒரு பெட்ரோல் நிலையம் அமைய வேண்டுமானால், மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். அதன் பெயர் தடையின்மைச் சான்று. பெயரைக் கேட்டதும் எழும் கேள்வி ஒன்றுதான்: தடை சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? நிலையம் வரவிருக்கும் மனைக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர், அவ்வுரிமை முதலில் தமக்கே உரியது என்று எண்ணுவார். 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளில் 144ஆம் விதியைப் படித்தால் அந்த எண்ணம் நிலைக்காது. நிறுவனம் மனையின் வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட அதிகாரி விசாரித்து மூன்று மாதங்களுக்குள் சான்றை வழங்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். பக்கத்து வீட்டாரை அழைத்துக் கேட்டாக வேண்டும் என்ற கட்டளை அவ்விதியின் வாசகத்தில் இல்லை. அங்கே பேசப்படும் தடை அரசின் ஒரு கை மற்றொரு கைக்குச் சொல்லும் தடை.

ஆயினும் குடியிருப்போர் தடை சொல்லாமல் இருந்ததில்லை. கேரளத்தின் சிற்றூராயினும் உத்தரப் பிரதேசத்தின் மாவட்டத் தலைநகராயினும் தமிழ்நாட்டின் புறநகராயினும், ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்லும் மனுக்களின் உள்ளடக்கம் பெரிதும் ஒன்றுபோலவே இருக்கிறது. தீப்பிடித்தால் என்ன செய்வது, இரவும் பகலும் நெடி வீசுமே, கிணற்று நீர் கெடுமே, டேங்கர் லாரிகள் குறுகிய சாலையில் திரும்புமே, பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் எப்படிச் சாலையைக் கடப்பார்கள் என ஐந்து அச்சங்கள் மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றன. பெட்ரோலியச் சட்டம் நூறாண்டுக்கும் மேலாக இவற்றுள் முதலாவதை மட்டுமே தன் பொருளாகக் கொண்டிருந்தது. ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதைச் சட்டத்தின் சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும்.

தீயின் மொழி

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்ணெண்ணெய் இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கத் தொடங்கியபோது, காலனிய அரசின் முன் நின்ற வினா மிக எளியது: கப்பலில் வந்த சரக்கு எளிதில் தீப்பற்றுமா, பற்றாதா? இந்த வினாவுக்கு இங்கிலாந்தில் விடை ஆயத்தமாக இருந்தது. பிரெட்ரிக் ஏபெல் என்னும் வேதியியலாளர் வடிவமைத்த கருவி, எண்ணெயின் ஆவி எந்த வெப்பநிலையில் தீப்பொறியைப் பற்றிக்கொள்கிறது என்பதை அளந்து காட்டியது. 1879ஆம் ஆண்டின் பிரிட்டானியச் சட்டம் அக்கருவியை ஏற்று, 73 பாரன்ஹீட் என்ற எல்லையை வகுத்தது. இந்தியாவில் 1881, 1886, 1899 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த பெட்ரோலியச் சட்டங்கள் இந்தச் சிந்தனை மரபிலேயே எழுந்தன. இன்றைய விதிகளில் பெட்ரோல் இடம்பெறும் முதல் வகுப்பின் எல்லை 23 செல்சியஸ். 73 பாரன்ஹீட் ஏறத்தாழ அதே அளவுதான். விக்டோரியா காலத்து வெப்பமானியின் நிழல் இன்றைய உரிமத்தின் மீதும் விழுகிறது.

சட்டத்தைப் போலவே அதனை நடத்தும் துறையும் வெடிமருந்தின் உலகத்திலிருந்து வந்தது. 1884இல் வெடிபொருள் சட்டமும் 1898இல் வெடிபொருள் துறையும் தோன்றின. பெட்ரோல் நிலையங்களுக்கு இன்று உரிமம் வழங்கும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அத்துறையின் வழித்தோன்றலே. தொட்டிக்கும் சுவருக்கும் இடையே எத்தனை மீட்டர், பம்புக்கும் மின்கருவிக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று கேட்பது அதன் பிறவிக்குணம். இந்தக் கணக்கில் மனிதர்கள் பொறிக்கு எட்டாத தொலைவில் வைக்கப்பட வேண்டிய பொருள்களுள் ஒன்றாகவே வருகின்றனர்.

அக்காலத்துச் சட்ட மொழியில் அண்டை வீட்டாருக்கு இடமே இல்லை என்று கூறிவிட முடியாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பொதுத்தொல்லையை வரையறுத்த 268ஆம் பிரிவில், அக்கம்பக்கத்தில் குடியிருப்போரையும் அங்கே சொத்துடையோரையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டது. காற்றைக் கெடுப்பதற்குத் தனிப் பிரிவும் அதில் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இன்னும் ஒரு படி சென்று, சமூகத்தின் உடல்நலத்துக்கு மட்டுமன்றி உடல் சௌகரியத்துக்கும் ஊறு செய்யும் தொழிலை அகற்ற நடுவருக்கு அதிகாரம் தந்தது. 1980இல் மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகர மக்கள் திறந்த சாக்கடையையும் துர்நாற்றத்தையும் எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வென்றது இப்பிரிவின் வழியாகவே.

ஆகவே நெடிக்கும் சௌகரியக் குறைவுக்கும் இந்தியச் சட்டத்தில் சொற்கள் இருந்தன. ஆனால் அவை வேறொரு சட்டத்தில் இருந்தன. பொதுத்தொல்லைச் சட்டம் பெரும்பாலும் தொல்லை நேர்ந்த பின்னரே பேசத் தொடங்கும். உரிமச் சட்டமோ நிலையம் எழுவதற்கு முன்பே பேசிவிடுகிறது. முன்னே பேசும் சட்டத்தில் அண்டை வீட்டார் இல்லை. அண்டை வீட்டார் இருக்கும் சட்டம் பின்னே வருகிறது. குடியிருப்போரின் சிக்கல் முழுவதும் இந்த வரிசை முறையில்தான் பிறக்கிறது.

ஊருக்கு வெளியே போன எண்ணெய், தெருவுக்குத் திரும்பிய கதை

தொடக்கத்தில் எண்ணெயை ஊரிலிருந்து அகற்றி வைப்பதே அரசின் வழியாக இருந்தது. கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள பட்ஜ் பட்ஜ், 1880களில் எண்ணெய்க் கிடங்குகளின் ஊராக உருப்பெற்றது. பம்பாயில் சிவ்ரியும் சென்னையில் தண்டையார்பேட்டையும் பிற்காலத்தில் அவ்வாறே எண்ணெய்த் தொட்டிகளின் பகுதிகளாயின. பின்னர் நகரங்கள் பெருத்தன. கிடங்கைச் சுற்றி வீடுகள் எழுந்தன. யார் முதலில் வந்தார் என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

மோட்டார் வண்டி இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. தொடக்கக் காலத்தில் பெட்ரோல் தகரங்களில் அடைத்து விற்கப்பட்டது. பிறகு சாலையோரக் கைப்பம்புகளும், அவற்றுக்குக் கீழே நிலத்தடித் தொட்டிகளும் வந்தன. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த கிடங்கு, சிறுசிறு துண்டுகளாகத் தெருவுக்குத் திரும்பியது என்றே இதைக் கூற வேண்டும். ஆனால் தொட்டி மண்ணுக்குள் மறைந்துவிட்டதால், மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது மேலே நின்ற பம்பு மட்டுமே. வட இந்தியாவில் அந்த இடத்துக்கே பெட்ரோல் பம்ப் என்று பெயர் நிலைத்தது. தென்னிந்தியாவில் பெட்ரோல் பங்க் என்று வழங்கிற்று. முந்தைய பெயர் கருவியைச் சுட்டுகிறது. அண்மைக்காலத்தில் நிறுவனங்கள் விரும்பும் ‘சில்லறை விற்பனை நிலையம்’ என்ற பெயரோ வணிகத்தைச் சுட்டுகிறது. எந்தப் பெயரிலும் மண்ணுக்கடியில் இருக்கும் கிடங்கு இல்லை.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் அதன்கீழ் எழுந்த 1937ஆம் ஆண்டின் விதிகளும் இந்தப் புதிய சூழலை ஒழுங்குபடுத்தின. விடுதலைக்குப் பின் 1976இலும் 2002இலும் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. அடிப்படைக் கண்ணோட்டம் மாறவில்லை. அரசியலமைப்பு ஒரு புதிய பிளவை மட்டும் சேர்த்தது. பெட்ரோலியம் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 53ஆம் பதிவில் உள்ளது. நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எண்ணெய் தில்லியின் பொருள், வீடு மாநிலத்தின் பொருள் என்றாயிற்று. இந்திய நெடுஞ்சாலைப் பேராயம் தன் 12ஆம் எண் நெறிமுறையில் சாலைச் சந்திப்பிலிருந்து நிலையம் எவ்வளவு விலகி இருக்க வேண்டும் என்று வகுத்தது. அது வண்டியோட்டிக்கான பாதுகாப்பு. சந்திப்புக்கும் பம்புக்கும் இடையே அளவு உண்டு. பம்புக்கும் தொட்டிக்கும் இடையே அளவு உண்டு. குடியிருப்போரின் மூச்சுக்கும் பம்புக்கும் இடையே எந்த அளவும் வகுக்கப்படவில்லை.

ஆவியும் கிணறும்

1990களில் இந்நிலை மெல்ல மாறியது. 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று; 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது. ஈயம் செய்த வேலையைச் செய்ய வேறு சேர்மங்கள் தேவைப்பட்டபோது, பென்சீன் உள்ளிட்ட அரோமாட்டிக் சேர்மங்களின் அளவு பொது விவாதத்துக்கு வந்தது. பென்சீன் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்திய பொருள். 2009 நவம்பரில் வெளியான தேசியக் காற்றுத் தர அளவுகளில் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற வரம்பு இடம்பெற்றது.

இதனால் பெட்ரோல் நிலையத்தைப் பார்க்கும் பார்வையே மாற வேண்டியதாயிற்று. டேங்கர் லாரி 12,000 லிட்டர் பெட்ரோலை நிலத்தடித் தொட்டியில் இறக்கும்போது, தொட்டிக்குள் முன்பே நிறைந்திருந்த ஆவியில் ஏறத்தாழ அதே கன அளவு வெளியே தள்ளப்படுகிறது. அதனைப் பிடித்து லாரிக்கே திருப்பும் அமைப்பு இல்லையெனில், ஆவிபோக்குக் குழாய் வழியே அது தெருவில் கலக்கும். வண்டிகளின் தொட்டியை நிரப்பும்போதும் இதுவே சிறிய அளவில் நிகழ்கிறது. விபத்து நேர்ந்தால் மட்டுமே ஆபத்து என்பது தீயின் தருக்கம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலும் வெளிப்பாடு உண்டு என்பது ஆவியின் தருக்கம். ‘நெடி வீசுகிறது’ என்று மனுக்களில் எழுதப்பட்ட எளிய வாக்கியம் இந்த இரண்டாம் தருக்கத்தையே சொல்லிவந்தது. அறிவியல் சான்று இல்லாத புலம்பல் என்று அது நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது.

கிணற்றைப் பற்றிய அச்சமும் அத்தகையதே. 2013இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நீர் வந்தபோது, அதன் காரணம் நிலத்தடிக் குழாய்க் கசிவோடு தொடர்புபடுத்தப்பட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அது பெட்ரோல் நிலையம் அன்று. துறைமுகத்திலிருந்து வந்த குழாய். ஆயினும் மண்ணுக்கடியில் நிகழும் கசிவை முதலில் அறிபவர் யார் என்பதை அந்நிகழ்வு காட்டிற்று. வீட்டில் வாளியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பவரே அதை முதலில் அறிகிறார். வீட்டுக்கொரு கிணறு என்று வாழும் கேரளத்தில் இவ்வச்சம் மனுக்களின் மையமாக இருப்பதில் வியப்பில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுராவில் எண்ணெய்க் கிடங்கு வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; தீ பல நாள்கள் எரிந்தது. பெட்ரோல் நிலையம் வருகிறது என்றதும் பலர் மனத்தில் எழுவது இத்தகைய காட்சியே. ஆனால் பெருங்கிடங்கின் கொள்ளளவும் தெருமுனை நிலையத்தின் கொள்ளளவும் ஒப்பிடத்தக்கவை அல்ல. குடியிருப்போரின் அச்சங்களுள் மிக உரக்க ஒலிக்கும் தீ பற்றிய அச்சத்துக்குச் சட்டம் ஏற்கெனவே விடை வைத்திருக்கிறது. மெல்ல ஒலிக்கும் நெடியும் நீரும்தான் விடையின்றி நின்றவை.

2020: வீடு விதிக்குள் வந்த நாள்

2018 நவம்பரில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நாடு முழுவதும் சுமார் 55,000 இடங்களில் புதிய நிலையங்களுக்கு விண்ணப்பம் கோரின. அப்போது நாட்டில் இருந்த நிலையங்கள் சுமார் 63,000. ஏறத்தாழ இருமடங்காகும் விரிவாக்கம் அறிவிக்கப்பட்ட அதே காலத்தில், குடியிருப்புகளுக்கு அருகே அமையும் நிலையங்கள் பற்றிய வழக்கொன்றில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தெளிவான நெறிமுறைகளை வகுக்கும்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆணையிட்டது. அதன் பயனாக 2020 ஜனவரி 7 அன்று வாரியம் நெறிமுறைகளை வெளியிட்டது.

இந்நெறிமுறைகளில்தான் வீடு முதன்முறையாக ஒரு தெளிவான எண்ணோடு தோன்றுகிறது. புதிய நிலையம் பள்ளிகளிலிருந்தும், 10 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளிலிருந்தும், குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் 50 மீட்டர் ஆரத்துக்குள் அமையக் கூடாது. எரிபொருள் நிரப்பும் வாய், விநியோக இயந்திரம், ஆவிபோக்குக் குழாய் ஆகியவற்றுள் எது அருகிலுள்ளதோ அதிலிருந்து அளக்க வேண்டும். இயலாத சூழலில் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு 30 மீட்டர் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே செல்லக் கூடாது. ஆவிபோக்குக் குழாயை அளவின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக வைத்திருப்பது கருதத்தக்கது; சட்டம் ஆவியின் மொழியைப் பேசத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 7,850 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டு ஏக்கர். 30 மீட்டர் வட்டமோ சுமார் 2,830 சதுர மீட்டர். இருபது மீட்டர் தளர்வு என்பது கேட்கச் சிறிதாக இருப்பினும், பாதுகாக்கப்படும் பரப்பில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் அதில் போய்விடுகிறது.

ஒரு பெயரெச்சத்தின் விலை

இத்தளர்வினும் பெரியது வேறொன்று. நெறிமுறையின் வாசகம் குடியிருப்புப் பகுதிகள் என்பதோடு முடியவில்லை. உள்ளூர்ச் சட்டங்களின்படி குறிக்கப்பட்ட குடியிருப்புப் பகுதிகள் என்பதே முழுத்தொடர். தமிழில் இவ்வாறு எழுதும்போது பெயரெச்சம் முன்னே வந்து நின்று, எவ்வகைப் பகுதி என்று முதலிலேயே எச்சரித்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில் அந்த அடை பெயருக்குப் பின்னே வருகிறது. படிப்பவர் குடியிருப்புப் பகுதி என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறார். வீட்டிலிருந்து 50 மீட்டர் என்று எத்தனையோ மனுக்களில் எழுதப்படுவது இவ்வாறு பாதியில் நின்ற வாசிப்பின் விளைவு.

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இந்த அடை இல்லை. பள்ளி இருந்தால் போதும். படுக்கைகளை எண்ணினால் போதும். குடியிருப்பு மட்டும் இருந்தால் போதாது. அது குறிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். மேலும் விதி காப்பது பகுதியை. வரைபடத்தில் வணிகப் பகுதி என்றோ வேளாண் நிலம் என்றோ வண்ணம் தீட்டப்பட்ட இடத்தில் முப்பது ஆண்டுகளாக ஒரு குடும்பம் வாழ்ந்திருந்தாலும், அது வீடாகுமேயன்றிக் குறிக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி ஆகாது என்று நிறுவனத் தரப்பு வாதிட இத்தொடர் இடம் தருகிறது. கேரளம் உள்ளிட்ட மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இத்தொடரின் பொருள் திரும்பத் திரும்ப வாதத்துக்கு வந்தது இதனாலேயே.

இந்த அடையால் விலக்கப்படுவோர் சிறுபான்மையினர் அல்லர். நகர்ப்புறத் திட்டமிடல் பற்றி நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியமைவுகளில் சுமார் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை. நிலப் பயன்பாட்டு வரைபடம் இல்லாத ஊரில் குடியிருப்பு என்று குறிக்கும் ஏடு எது? கிராமங்களின் நிலை இதனினும் தெளிவற்றது. எண்ணெய் தில்லிக்கு, நிலம் மாநிலத்துக்கு என்று அரசியலமைப்பு பிரித்து வைத்த இடைவெளி இங்கே ஒரே சொல்லுக்குள் வந்து அமர்கிறது. ஒன்றிய அமைப்பு வகுத்த பாதுகாப்பு, மாநில அமைப்பு வரையாத வரைபடத்தைச் சார்ந்து நிற்கிறது.

ஆவி மீட்பு அமைப்பிலும் இதே சாயல் உண்டு. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் மாதம் 100 கிலோலிட்டருக்கு மேலும், 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை உள்ள நகரங்களில் மாதம் 300 கிலோலிட்டருக்கு மேலும் பெட்ரோல் விற்கும் நிலையங்களுக்கே அது வலியுறுத்தப்பட்டது. சிற்றூர்க்காரர் சுவாசிக்கும் ஆவி கணக்கில் வரவில்லை. திட்டமிடப்பட்ட பெருநகரின் குடியிருப்பாளருக்கு இரண்டு அரண்கள்; வரைபடம் இல்லாத சிற்றூர்க்காரருக்கு இரண்டும் இல்லை.

தடை என்பதன் பொருள்

எரிபொருள் எங்கேனும் விற்கப்பட்டாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. நிலையம் இல்லாத ஊர்களில் பெட்டிக்கடையில் பிளாஸ்டிக் புட்டிகளில் பெட்ரோல் விற்கப்படுவதை அறிந்தவர், நிலையம் வராமல் தடுப்பதே பாதுகாப்பு என்று வாதிட மாட்டார். நெருக்கமான நகரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் 50 மீட்டர் வட்டம் வரைந்தால் எந்த மனையும் எஞ்சாது என்ற நிறுவனங்களின் வாதத்திலும் பொருளுண்டு. தடை சொல்லும் வீட்டின் முன்னேயும் ஒரு இருசக்கர வண்டி நிற்கிறது.

ஆனால் வீட்டார் முடிவைத் தம் கையில் ஒப்படைக்கும்படி கேட்கவில்லை. முடிவுக்கு முன் தம்மைக் கேட்கும்படியே கோருகின்றனர். பெரிய தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக்கேட்பை வகுத்திருக்கிறது. தெருமுனைப் பெட்ரோல் நிலையம் அதன் எல்லைக்குள் வருவதில்லை. அத்தனை பெரிய ஏற்பாடும் இதற்குத் தேவையில்லை. 144ஆம் விதி ஏற்கெனவே மாவட்ட அதிகாரியின் விசாரணைக்கு மூன்று மாத காலம் தருகிறது. அவ்விசாரணையில் அந்த வட்டத்துக்குள் வாழ்வோருக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். ஏற்காவிடில் காரணம் எழுத வேண்டும் என்று மூன்று வரிகள் சேர்த்தாலே போதுமானது. கிணறு எங்கே இருக்கிறது, மழைநீர் எப்பக்கம் வடிகிறது, பள்ளிப் பேருந்து எங்கே நிற்கிறது என்பவை வரைபடத்தில் இல்லாத செய்திகள். அவற்றை அறிந்தவர் அங்கே வாழ்பவரே. அதோடு, குறிக்கப்பட்ட என்ற அடைக்குப் பதிலாக, மக்கள் உண்மையில் வாழும் கட்டடங்களை உள்ளாட்சியின் வீட்டுவரிப் பதிவேட்டைக் கொண்டு எண்ணினால், வரைபடம் இல்லாத ஊரிலும் விதி செயல்படும்.

அப்போதும் பல இடங்களில் நிலையம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சான்றின் தலைப்பில் உள்ள தடையின்மை என்னும் சொல், முதன்முறையாக அதன் நேர்ப்பொருளில் வழங்கும்: தடை உண்டா என்று கேட்கப்பட வேண்டியவர்களிடம் கேட்ட பின் எழுதப்பட்ட சொல்லாக.